துறைமுக வாசலில் இரண்டு டாலர்

அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளின் வீட்டில் சில மாதங்கள் தங்கிவரப் போகும் பெற்றோர்களை, ஊர் திரும்புமுன் கரீபியன் தீவுகளைச் சுற்றிவரும் உல்லாசக் கப்பல் ஒன்றில் ஏற்றி அழைத்துப் போவது இப்போது நம்மவரிடையே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. மயாமித் துறைமுகத்திலோ, அதற்குச் சற்று வடக்கே ஃபோர்ட் லாடர்டேலில் உள்ள போர்ட் எவர்கிளேட்ஸிலோ கார் போய் நின்றதும், கப்பலைக் கண்ணாரக் காண்பதற்கு முன்பே, சீருடை அணிந்த ஒரு போர்ட்டர் தள்ளுவண்டியோடு எதிரே வந்து நின்று பெட்டிகளைக் கேட்கிறார். அவருக்கு இனாம் கொடுப்பதா வேண்டாமா, கொடுப்பதானால் எவ்வளவு என்று பிரயாணத்துக்கு முன் என்னை விசாரிப்பவர்கள் பலர். கேள்வி சிறியதுதான், ஆனாலும் உழைப்புக்கும் கூலிக்கும் நன்றிக்கும் உள்ள சம்பந்தம் முழுவதும் அதற்குள் அடங்கியிருப்பதாக நான் கருதுவதால், சற்று விஸ்தாரமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டி எந்த வழியாகப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 2024 ஜனவரி முதல் மயாமியிலிருந்து புறப்பட்டுவரும் ஐகான் ஆஃப் த சீஸ் என்னும் கப்பலில், அறைக்கு இருவர் என்று கணக்கிட்டாலே 5,610 பிரயாணிகள் இருப்பார்கள். அத்தகைய கப்பல் விடியற்காலையில் கரையை அணைந்து, வந்தவர்களை எல்லாம் இறக்கிவிட்டு, ஏறக்குறைய அத்தனை பேரையே புதிதாக ஏற்றிக்கொண்டு, அன்று மாலையே கடலில் இறங்கிவிட வேண்டும். இடையில் கிடைக்கும் சில மணி நேரத்துக்குள், இறங்குகிறவர்களின் பெட்டிகள் வெளியே வரவும், ஏறுகிறவர்களின் பெட்டிகள் உள்ளே போகவும் வேண்டும். வாசலில் நாம் ஒப்படைக்கும் பெட்டி, பெரிய இரும்புக் கூண்டு ஒன்றில் மற்றவற்றோடு அடுக்கப்பட்டு, எக்ஸ்ரே பரிசோதனையைக் கடந்து, ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் கப்பலுக்குள் போய்ச் சேர்கிறது. அங்கே கப்பல் சிப்பந்திகள் அதைப் பொறுப்பேற்று மாலைக்குள் நம் அறை வாசலில் கொண்டுவந்து வைக்கிறார்கள். இஸ்திரிப் பெட்டியையும் சிறிய எலெக்ட்ரிக் குக்கரையும் மறக்காமல் எடுத்துச் செல்கிற நம் தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தீ விபத்துக்கு அஞ்சி அவற்றைக் கப்பலில் அனுமதிப்பதில்லை, பரிசோதனையில் அவை தென்பட்டால் பெட்டி தனியே நிறுத்திவைக்கப்படும்.

இந்த வரிசையின் முதற் கண்ணியே வாசலில் நிற்கும் போர்ட்டர். ஒருமுறை மயாமியில் என் அண்ணன் மகனோடு காத்து நின்றபோது, அறுபது வயதை நெருங்கிய ஒரு போர்ட்டர் வேலை செய்வதை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பலின் பெயரும் அறை எண்ணும் அச்சிட்ட காகிதச் சீட்டைப் பெட்டியின் கைப்பிடியில் சுற்றி மடித்து, இரண்டு இடத்தில் ஸ்டேப்ளர் அடித்து, பிறகு அது நழுவுகிறதா என்று ஒவ்வொரு முறையும் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தார். பழைய விமானச் சீட்டு ஏதாவது தொங்கிக்கொண்டிருந்தால், குழப்பம் நேராதிருக்க அதைக் கிழித்து எறிந்தார். எங்களுக்கு முன்னால் நின்ற வயதான அம்மாளிடம், மருந்தோ பாஸ்போர்ட்டோ பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேட்டார். அந்த அம்மாள் திடுக்கிட்டுப் பெட்டியைத் திறந்து ரத்த அழுத்த மாத்திரைகளை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பெட்டி அறைக்கு வர இரவாகியிருந்தால் அவள் மாலை மாத்திரை தவறியிருக்கும். கேட்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் அவருக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நான் பணப்பையை எடுத்தபோது பிள்ளை என் கையைத் தடுத்தான். "சித்தப்பா, இவங்கல்லாம் யூனியன் ஆளுங்க. நல்ல சம்பளம். டிப்ஸ் எல்லாம் கப்பல் கணக்கிலேயே பிடிச்சுடுவாங்க" என்றான்.

அவன் சொன்னதில் பின்பாதி பிசகு. முன்பாதி பெரும்பாலும் உண்மை. பல கப்பல் கம்பெனிகள் தலைக்கு நாளொன்றுக்குப் பதினாறு முதல் இருபது டாலர் வரையில் சேவைத் தொகையாக நம் கணக்கில் எழுதிவிடுகின்றன என்பது மெய்யே. ஆனால் அது கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கு உரியது. கரையில் நிற்கும் போர்ட்டருக்கு அதில் ஒரு காசும் சேராது. அவர் கப்பல் கம்பெனியின் ஊழியரே அல்லர். கிழக்குக் கரைத் துறைமுகங்கள் பலவற்றில் அவர் 1892-இல் தோன்றிய சர்வதேசக் கப்பல்துறைத் தொழிலாளர் சங்கத்தின் அங்கத்தினர். மேற்கே லாஸ் ஏஞ்சலிஸின் சான் பெட்ரோவில் அங்குள்ள வேறொரு கப்பல்துறைச் சங்கத்தைச் சேர்ந்தவர். கிழக்குக் கரைச் சங்கத்தின் வலிமையை, 2024 அக்டோபர் மாதத்தின் முதல் மூன்று நாட்கள் அது நடத்திய வேலைநிறுத்தத்தில் உலகம் பிரத்தியட்சமாகக் கண்டது. அந்த வேலைநிறுத்தத்தின் பயனாகச் சரக்குத் தொழிலாளரின் உச்ச மணிக்கூலி ஆறு ஆண்டுகளில் 39 டாலரிலிருந்து 63 டாலராக உயர உடன்பாடு ஏற்பட்டது. பெட்டி தூக்குகிற எல்லோருக்கும் இதே விகிதம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் அவருக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தமும் ஒரு சங்கமும் நிற்கின்றன என்பது நிச்சயம்.

நல்ல கூலி வாங்குகிறவருக்கு நாம் எதற்காக மேலும் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் காண, அந்நாட்டில் சுமை தூக்கியவர்களின் சரித்திரத்தைச் சிறிது திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளை அறுந்த பிறகு, ஜார்ஜ் புல்மன் என்பவர் தம் படுக்கை ரயில்வண்டிகளில் விடுதலை பெற்ற கறுப்பர்களைப் போர்ட்டர்களாக நியமித்தார். கம்பெனி கொடுத்த சம்பளம் சொற்பம். மீதியைப் பிரயாணிகளின் தயவிலிருந்து அவர்கள் தேடிக்கொள்ள வேண்டும் என்பதே ஏற்பாடு. அத்தனை பேரையும் பிரயாணிகள் முதலாளியின் பெயராலேயே 'ஜார்ஜ்' என்று கூப்பிட்டார்கள்; தமக்கென்று தாய் தகப்பன் இட்ட பெயர்கூட அவர்களுக்கு இல்லாமற் போயிற்று. படுக்கையை விரித்து, பாதரட்சையைத் துடைத்து, மாதம் நானூறு மணி நேரம் உழைத்த அம்மனிதர்களை 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் ஒரு சங்கமாகத் திரட்டினார். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி 1937-இல் அவர்கள் பெற்ற ஒப்பந்தம், வேலை நேரத்தை மாதம் 240 மணியாகக் குறைத்து, ஊதியத்தையும் உயர்த்தியது. யாருடைய மனநிலையையும் நம்பியிராத ஒரு கூலியை அடைய எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

ரயில் நிலையங்களில் சிவப்புத் தொப்பி அணிந்து சுமை தூக்கியவர்களின் கதை இன்னும் வருத்தமானது. 1938-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தபோது, நிலையக் கம்பெனிகள் பிரயாணிகள் கொடுக்கும் இனாமையே கூலியாகக் கணக்கில் வைத்துக்கொண்டன. அது செல்லும் என்று 1942-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஒருவர் மனமுவந்து கொடுத்தது, முதலாளி கொடுக்க வேண்டிய கடனைத் தீர்க்கும் தொகையாகிவிட்டது. இன்றும் இனாம் பெறும் தொழிலாளருக்கு முதலாளி ரொக்கமாகக் கொடுத்தாக வேண்டிய கூலி, மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான், 1991 முதல் அந்த எண் அசையவில்லை. இனாம் கொடுப்பதையே குற்றமாக்கி 1909-இல் வாஷிங்டன் மாநிலம் சட்டம் இயற்றியதும், வேறு சில மாநிலங்கள் அதைப் பின்பற்றியதும், 1926-க்குள் அவை யாவும் ரத்தானதும் இதே சரித்திரத்தின் கிளைகள்.

இவற்றையெல்லாம் யோசித்த பிறகு என் அபிப்பிராயம் என் அண்ணன் மகன் சொன்னதற்கு நேர்மாறாக முடிந்தது. போர்ட்டருக்கு நியாயமான கூலி கிடைக்கிறது என்பது இனாமை மறுப்பதற்குக் காரணமன்று; தயங்காமல் கொடுப்பதற்கு அதுவே காரணம். அடுத்த வேளைச் சோற்றுக்கு நம் கையை எதிர்பார்த்து ஒருவன் நிற்கும்போது நாம் கொடுப்பது முதலாளியின் கடனில் ஒரு பகுதி. அதைக் கொடுக்காமல் போவது பாவம், கொடுத்துவிட்டுப் பெருமை கொள்வது அதைவிடப் பெரிய பாவம். நம்மை நம்பி வாழாத மனிதருக்கு, அவர் செய்த காரியத்தின் நேர்த்தியைக் கண்டு கொடுக்கும் பொழுதுதான், கொடுப்பவரும் வாங்குபவரும் சமமாக நின்று கைகுலுக்குகிறார்கள். பெட்டிக்கு ஒன்று அல்லது இரண்டு டாலர் என்பது அங்குள்ள சம்பிரதாயம். கனத்த பெட்டியானால் இரண்டைக் கொடுங்கள். கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்த்துக் கொடுங்கள்.

நம் ரயில் நிலையங்களில் சுமைகூலியை முன்கூட்டியே பேசித் தீர்த்துப் பழகிய நமக்கு, விலை சொல்லாத ஒருவரிடம் பெட்டியைக் கொடுப்பது சங்கடமாகவே இருக்கும். அங்கே பேரம் பேசாதீர்கள். எவ்வளவு என்று கேட்கவும் வேண்டாம். அதே சமயம், கொடுக்காவிட்டால் பெட்டி கப்பலுக்கு வராது என்று ஜாடையாகவோ வெளிப்படையாகவோ பயமுறுத்தும் ஆசாமி எங்கேனும் தென்பட்டால், அவருக்குக் காசு கொடுக்கக் கூடாது என்பதில் நான் மிகவும் உறுதியாக இருக்கிறேன். பயத்தினால் கொடுப்பது லஞ்சம். அடுத்து வரும் வயோதிகத் தம்பதிகள் அதன் பலனை அனுபவிப்பார்கள். அங்கே நிற்கும் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, பெட்டியைத் தாமே இழுத்துக்கொண்டு உள்ளே போகலாம். தூக்க முடிகிறவர்கள் அவ்வாறு செய்வதைக் கப்பல்கள் பெரும்பாலும் ஆட்சேபிப்பதில்லை. தேசத்துக்குத் தேசம் முறை வேறுபடுகிறது என்பதையும் மறக்கலாகாது. ஜப்பானின் யோகோஹாமாவில் நீட்டினால் சங்கடப்படுவார்கள். இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் மயாமியில் உள்ளது போன்ற எதிர்பார்ப்பு கிடையாது.

கப்பல் கணக்கில் ஏறும் சேவைத் தொகையை வரவேற்பு மேசையில் சொல்லி நீக்கிவிட்டால் பணம் மிச்சம் என்று யோசனை சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேஷியாவிலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் போய், மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து அறை பெருக்கும் அந்த இளைஞர்களுக்கு, போர்ட்டருக்கு உள்ள சங்க பலம் பெரும்பாலும் இல்லை. அவர்கள் விஷயத்தில் அந்தத் தொகை சம்பளமேயாகும்.

போர்ட்டரை இன்னொரு முறையும் சந்திக்க வேண்டியிருக்கிறது. இறங்கும் நாளுக்கு முந்தைய இரவு வர்ணச் சீட்டுக் கட்டி அறைக்கு வெளியே வைத்த பெட்டிகள், மறுநாள் காலையில் சுங்க மண்டபத்தில் வர்ணவாரியாக வரிசையில் நிற்கும். ஒரே மாதிரியான நூறு கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவே நம்முடையதைத் தேடி எடுத்து, வண்டியில் ஏற்றி, சுங்க அதிகாரிகளைத் தாண்டிக் கார் நிற்கும் இடம் வரைக்கும் தள்ளிவந்து தருபவரும் ஒரு போர்ட்டர்தான். ஏறியபோது கொடுத்தது ஏறியபோது தூக்கியவருக்குப் போய்விட்டது. இவர் வேறு மனிதர், இவருடைய உழைப்பும் அதிகம். ஒரு வாரம் முழுவதும் அட்டையை நீட்டியே கழியும் கப்பலில் ரொக்கம் புழங்குவதில்லையாகையால், பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் சில்லறையின்றித் தவிக்கிறார்கள். புறப்படும் தினத்தன்றே ஐந்து டாலர் நோட்டு இரண்டை மடித்து, பாஸ்போர்ட் உறைக்குள் தனியே வைத்துவிடுங்கள்.