பழைய வினாத்தாளால் வாயுக் கசிவு நிற்காது

"கொஸ்டின் பேங்கை நாலு தடவை புரட்டு, பாஸ் ஆகிடலாம். மத்ததையெல்லாம் வேலைக்குப் போய்க் கத்துக்கலாம்." சேஃப்டி படிப்பில் சேரும் எந்த இளைஞரும் முதல் வாரத்திலேயே கேட்கும் அறிவுரை இது. சீனியர் சொல்கிறார், கோச்சிங் சென்டர்காரர் சொல்கிறார், துபாயில் வேலை பார்க்கும் பெரியப்பா மகனும் வாட்ஸ்அப்பில் இதையேதான் சொல்கிறார். சொல்பவர்கள் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் துறையில் இதைவிட ஆபத்தான நம்பிக்கையை நான் கண்டதில்லை. பல பேர் உயிரைக் குடிக்கக்கூடிய நம்பிக்கை இது என்பதால் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன்.

பொறியியல் முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்கு இன்று சேஃப்டி கோர்ஸ் ஒரு வாசல். இங்கிலாந்தின் நெபோஷ் சான்றிதழ் இருந்தால் வளைகுடாவில் கூப்பிடுகிறார்கள். அபாயகரப் பொருள் மேலாண்மைக்கென்றே அமெரிக்காவில் 1984-இல் தொடங்கிய நிறுவனம் சிஹெச்எம்எம் என்ற சான்றிதழைத் தருகிறது. உள்ளூர் ஆலையில் சேஃப்டி ஆபீசராக வேண்டுமென்றால் தொழிற்பாதுகாப்பில் டிப்ளமோ வேண்டும். சென்னை தரமணியில் மத்திய அரசு நிறுவனமே அந்தப் படிப்பை நடத்துகிறது. எந்த வழியில் வந்தாலும் கடைசியில் கைக்கு வரும் தாளுக்கு ஒரே பொருள்தான். இந்த ரசாயனத்தை இங்கே வைக்கலாம், இந்தத் தொட்டிக்குள் இப்போது ஆள் இறங்கலாம் என்று பர்மிட்டில் கையெழுத்துப் போடும் தகுதி அது. கையெழுத்துப் போடுபவர் ஒருவர். அதை நம்பி உள்ளே இறங்குபவர் வேறொருவர்.

கொஸ்டின் பேங்கில் தவறாமல் இருக்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் அடையாளம் என்ன? அழுகிய முட்டை நாற்றம். சரியான விடை, முழு மதிப்பெண். அந்த விடையோடு பாடம் முடிந்துவிடுகிறது. ஆனால் காற்றில் அந்த வாயு 100 பிபிஎம் அளவை எட்டும்போது மூக்கின் நுகரும் திறனே மரத்துப்போகிறது. நாற்றம் அடங்கிவிட்டதுபோல் தோன்றும் அந்த நேரம்தான் உயிருக்கே ஆபத்தான நேரம். முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் கழிவுத் தொட்டியின் வாயருகே நின்று மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். "வாடை இல்லப்பா, இறங்கு" என்பார். ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழ, அவரைப் பார்த்து ஓடிவந்தவரும் விழும் செய்தியை நாம் எத்தனை முறை நாளிதழில் படித்திருக்கிறோம்! எதுவும் தெரியாதவர் பயத்தில் கேஸ் மீட்டராவது கேட்பார். பாதி தெரிந்தவர் அதைக்கூடக் கேட்க மாட்டார்.

வேலைக்குப் போய்க் கற்றுக்கொள்ளலாம் என்பவர்கள் விசாகப்பட்டினத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 மே 7 அதிகாலையில் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையின் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளியேறி, பக்கத்துக் குடியிருப்புகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் கவிந்தது. 12 பேர் இறந்தார்கள். ஸ்டைரீன் தானாகவே பாலிமராக மாறும் குணமுள்ள திரவம். மாறும்போது வெப்பத்தை வெளிவிடும். வெப்பம் ஏற ஏற அந்த மாற்றம் இன்னும் வேகமெடுக்கும். அதனால்தான் அதில் டிபிசி என்ற தடுப்பானைக் கலந்து, குளிர்ச்சியாக வைத்திருக்கிறார்கள். இதில் ரகசியம் ஒன்றுமில்லை, எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. தேர்வில் கேட்டால் யாரும் எழுதிவிடுவார்கள்.

அங்கே என்ன ஆனது? கொரோனா ஊரடங்கால் ஆலை ஓடவில்லை. தொட்டியில் சரக்கு அப்படியே கிடந்தது. மாநில அரசின் உயர்மட்டக் குழு ஆராய்ந்தபோது, வெப்பத்தை அளக்கும் கருவி தொட்டியின் அடிப்பகுதியில் மட்டுமே இருந்தது தெரியவந்தது. அடியில் குளிர்ந்து கிடந்த திரவத்தின் வெப்பநிலையை அது ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருந்தது. மேல்மட்டத்தில் வெப்பம் ஏறிக்கொண்டே போனதை அறிய வழியில்லை. தடுப்பான் போதிய கையிருப்பில் இல்லை. ஊரை எழுப்ப வேண்டிய சைரனும் ஒலிக்கவில்லை. "ஸ்டைரீனை எந்த வெப்பநிலைக்குக் கீழே வைக்க வேண்டும்?" என்பது கொஸ்டின் பேங்க் கேள்வி. "இந்த மீட்டர் காட்டுவது தொட்டியின் எந்த உயரத்து வெப்பநிலை?" என்பது அங்கே யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. முதல் கேள்விக்கு விடை தெரிந்தவர்களை நாம் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் தயாரிக்கிறோம். இரண்டாவதைக் கேட்கப் பழக்குவதில்லை. வேலையில் சேர்ந்தபின் இதைக் கற்றுக்கொள்ளலாமென்று தள்ளிப்போட்டால், கற்றுக்கொடுக்கும் நாள் விபத்து நாளாகவே இருக்கும்.

சட்டப் பாடத்திலும் இதே கதைதான். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986, தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் 1987, அபாயகர ரசாயன விதிகள் 1989 என்று ஆண்டுகளை வரிசையாக ஒப்பிக்கிறார்கள். மூன்றுமே 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்த இரவுக்குப் பிறகு வந்தவை. அன்று மருத்துவமனைக்குக் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் வந்து குவிந்தவர்கள் எந்த வாயுவைச் சுவாசித்தார்கள், அதற்கு என்ன சிகிச்சை என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. அதனால்தான் 1987 திருத்தம், ஆலைக்குள் இருக்கும் ஆபத்தைத் தொழிலாளருக்கும் அக்கம்பக்கத்து மக்களுக்கும் நிர்வாகம் சொல்லியாக வேண்டும் என்றது. உடனடி ஆபத்து தெரிந்தால் எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளருக்கே கொடுத்தது. இந்தக் காரணத்தைச் சொல்லிக்கொடுக்காமல் ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பது இறந்தவர்களுக்கு இழைக்கும் அநியாயம்.

தேர்வு முறையை மாற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். மாற்றித்தான் பார்த்தார்கள். நெபோஷ் 2020 முதல் அடிப்படைச் சான்றிதழுக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதும் தேர்வைக் கொண்டுவந்தது. ஒரு பணியிடத்தில் நடப்பதைக் கதைபோல் விவரித்து, அதிலிருந்து கேள்வி கேட்கிறார்கள். மனப்பாடத்துக்கு அங்கே வேலையே இல்லை. உடனே விடை விற்கும் டெலிகிராம் குழுக்கள் முளைத்தன. இன்னொரு பகுதி, தேர்வர் தானே ஒரு பணியிடத்தை நடந்து பார்த்து இடர் மதிப்பீடு எழுதுவது. படிப்பு முழுவதிலும் உருப்படியான பகுதி என்று நான் நினைப்பது அதைத்தான். அதற்கும் ரெடிமேட் ஃபைல் சுற்றுகிறது. கம்பெனி பெயரையும் தேதியையும் மாற்றினால் முடிந்தது. ஃபோர்க்லிஃப்டே இல்லாத ஓர் அச்சகத்தின் மதிப்பீட்டில் ஃபோர்க்லிஃப்ட் மோதும் ஆபத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்ததை நானே படித்திருக்கிறேன். அங்கே தினமும் கரைப்பானில் துணியை நனைத்து உருளைகளைத் துடைக்கும் பெண்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

ஆள் எடுக்கும் குழுவில் நான் உட்கார்ந்திருந்தபோது வந்த ஒரு தம்பி நினைவுக்கு வருகிறார். நல்ல மதிப்பெண், பணிவான பேச்சு. ஒரு ரசாயனத்தின் அபாயத்தையும் அதைக் கையாளும் முறையையும் சொல்லும் எம்எஸ்டிஎஸ் தாளில் எத்தனை பிரிவுகள் என்று கேட்டோம். பதினாறையும் வரிசை பிசகாமல் சொன்னார். டைகுளோரோமீத்தேனின் எம்எஸ்டிஎஸ்-ஐ அவர் கையில் கொடுத்தேன்.

"நாளைக்குக் காலையில இதை டிரம்மிலிருந்து கேனுக்கு மாத்தப் போறாங்க தம்பி. என்ன ஏற்பாடு செய்வீங்க?"

"முழு பிபிஇ கொடுப்பேன் சார்."

"கைக்கு?"

"நைட்ரைல் கிளவுஸ் சார்."

வழக்கமான அந்த மெல்லிய நீல நைட்ரைல் கையுறையை டைகுளோரோமீத்தேன் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும். கிழியாது, வெளியே பார்த்தால் அப்படியே இருக்கும். உள்ளே தோல் வெந்துகொண்டிருக்கும். எந்த வகைக் கையுறை வேண்டும் என்று எட்டாவது பிரிவில் பார்க்க வேண்டும். தாள் அவர் கையில்தான் இருந்தது. எட்டாவது பிரிவின் தலைப்பை ஒரு நிமிடத்துக்கு முன்புதான் எங்களிடம் சொல்லியிருந்தார். ஆனாலும் அதைப் புரட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அவர் மந்தமானவர் இல்லை; அவ்வளவையும் நினைவில் வைக்கத் தெரிந்தவருக்குப் புத்தி இல்லாமலா இருக்கும்? அது ஒப்பிக்கும் பாடமில்லை, டிரம்மைத் திறக்குமுன் எடுத்துப் பார்க்க வேண்டிய தாள் என்று ஒருவரும் அவருக்குக் காட்டவில்லை.

இதற்குப் பதிலாகச் சொல்லப்படும் நியாயம் எனக்குத் தெரியும். வீட்டில் கடன், தங்கை கல்யாணம், இன்டர்வியூவுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. கம்பெனியும் சான்றிதழைத்தானே கேட்கிறது, அறிவையா கேட்கிறது? அந்தப் பிள்ளைகளின் அவசரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். குறை, அந்த அவசரத்தை வைத்துத் தொழில் நடத்துபவர்களிடம் இருக்கிறது. "நூறு சதவீதத் தேர்ச்சி" என்று பேனர் கட்டும் சென்டர், தன் மாணவர்களை ஒரு ரசாயனக் கிடங்குக்குள்ளாவது அழைத்துப் போயிருக்கிறதா? மூச்சுக்கருவியை மாட்டி ஐந்து நிமிடம் நடக்க வைத்திருக்கிறதா? அதைவிடப் பெரிய குறை முதலாளிகளிடம். சட்டம் கேட்கிறது என்பதற்காகச் சான்றிதழ் உள்ள ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து, கோப்பில் தாளைச் செருகிவிட்டால் கடமை முடிந்ததென்று நினைக்கிறார்கள். அவர் ஒரு பர்மிட்டை நிறுத்தி வைத்தால் "ப்ரொடக்‌ஷன் நிக்குது" என்று அவர்மேல்தான் பாய்கிறார்கள்.

வெறும் தாள் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்குச் சீனாவின் தியான்ஜின் துறைமுகம் சாட்சி. 2015 ஆகஸ்ட் 12 இரவு அங்கே ஒரு ரசாயனக் கிடங்கு வெடித்தது. 173 பேர் உயிர் போனது. அவர்களில் பெரும்பகுதி தீயை அணைக்கப் போனவர்கள். குடியிருப்புகளுக்கு அவ்வளவு பக்கத்தில் வைக்கவே கூடாத சரக்கு அங்கே குவிந்திருந்தது. ஆனால் பாதுகாப்பு மதிப்பீட்டுத் தாள் எல்லாம் சரி என்றது. அடுத்த ஆண்டு தண்டனை பெற்றவர்களில் கிடங்கு முதலாளிகளும் அதிகாரிகளும் மட்டும் இல்லை, பொய்யான பாதுகாப்பு மதிப்பீட்டைக் கொடுத்த நிறுவனத்தின் ஊழியர்களும் இருந்தார்கள். கம்பெனி பெயரை மாற்றி இடர் மதிப்பீட்டை அனுப்பும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கையெழுத்துப் போட்டவரைச் சட்டம் தேடி வரும்.

அப்படியானால் எப்படிப் படிப்பது? கொஸ்டின் பேங்கைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேள்வியின் போக்கு தெரிய அது வேண்டும்தான். கடைசி வாரத்தில் எடுங்கள். அதற்கு முன் வாரத்துக்கு ஒரு ரசாயனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமோனியாவோடு தொடங்குவது நல்லது. ஐஸ் ஃபேக்டரி, பால் குளிரூட்டும் நிலையம், உர ஆலை என்று நம் ஊரில் எங்கும் இருக்கிறது. 2023 டிசம்பர் இறுதியில் ஒரு நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்து மக்களைக் குழந்தைகளோடு தெருவில் ஓடவிட்டது உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த இதே அமோனியாதான். அதன் எம்எஸ்டிஎஸ்-ஐ முழுவதும் படித்துவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடித்தால் ஆட்களை எந்தப் பக்கம் அழைத்துப் போவோம் என்று உங்கள் தெருவை வைத்தே ஒரு தாளில் வரைந்து பாருங்கள். அடுத்த வாரம் ஹைப்போ என்ற வெளுப்புத் திரவத்தையும் ஆசிட்டையும் எடுங்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வரும் என்பது பாடம். உங்களுக்குத் தெரிந்த ஓட்டலிலோ ஆஸ்பத்திரியிலோ அந்த இரண்டு கேன்களும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவா என்று போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் பயிற்சி.

பஸ்ஸில் போகும்போது முன்னால் பெட்ரோல் டேங்கர் போனால் பின்பக்கப் பலகையைப் படியுங்கள். 1203 என்றால் பெட்ரோல். 3ஒய்இ என்ற குறியில் 3 என்றால் நுரை கொண்டுதான் அணைக்க வேண்டும்; ஒய் என்றால் சிந்தியதைச் சாக்கடையில் கழுவிவிடாமல் தடுத்து நிறுத்த வேண்டும், தீப்பிடித்தால் மூச்சுக்கருவி வேண்டும்; இ என்றால் சுற்றியிருப்பவர்களை வெளியேற்றுவது பற்றி யோசிக்க வேண்டும். டேங்கர் கவிழ்ந்தால் முதல் பத்து நிமிடம் என்ன செய்வது என்பது அந்த மூன்று எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. அடுத்து அம்மோனியம் நைட்ரேட். பெய்ரூட் துறைமுகத்தில் அது வெடித்தபின் 2020-இல்தான் சென்னைக்காரர்களுக்கு, 2015-இல் பறிமுதல் செய்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் மணலியில் ஐந்தாண்டாகக் கிடந்தது தெரிந்தது. அதன் பக்கத்தில் எதையெல்லாம் வைக்கக் கூடாது என்று எழுதிப் பாருங்கள். கிடங்குப் பாடம் முழுவதும் அதில் வந்துவிடும்.

பாஸ் மார்க்கையும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் நெபோஷின் அந்தத் தேர்வுக்கு நூற்றுக்கு 45 எடுத்தால் போதும். விட்டுவிட்ட 55-இல் எந்த வால்வு, எந்தத் தொட்டி, எந்தக் கையுறை இருந்தது என்று சான்றிதழில் எழுத மாட்டார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் அன்று மாலையே உட்கார்ந்து தவறவிட்டதை முதலில் படிக்க வேண்டும்.

ஆலை நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை சேஃப்டி ஆபீசர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது சான்றிதழை ஒரு ஓரமாக வையுங்கள். உங்கள் ஸ்டோரில் இருக்கும் ஏதாவது ஒரு டிரம்மின் எம்எஸ்டிஎஸ்-ஐக் கையில் கொடுத்து, அந்த டிரம்மின் பக்கத்திலேயே நிற்க வைத்து, இதில் என்ன தப்பு என்று கேளுங்கள். சுற்றிலும் நடந்து பார்த்து, நாலு குறையாவது சொல்பவரை எடுங்கள். எடுத்தபின், அவர் ஒரு பர்மிட்டில் கையெழுத்துப் போட மறுத்தால் அவர் பக்கம் நில்லுங்கள்.