‘திடீரென’ என்றொரு பொய்

“திடீரெனக் குறுக்கே வந்த மாட்டினால் விபத்து.” பத்திரிகைகள் அலுக்காமல் அச்சிடும் வாக்கியம் இது.

சொறிக்கல்முனை வயல்களினூடாகச் செல்லும் வீதியில் அந்தி சாய்ந்தால் மாடுகள் பட்டிக்குத் திரும்பும். அறுவடைக் காலத்தில் பின்விளக்கில்லாத உழவு இயந்திரங்கள் ஊர்ந்து செல்லும். ஊரறிந்த இவற்றில் ‘திடீர்’ எங்கே இருக்கிறது?

எதிர்பாராத ஒன்றைக் கண் கண்டு, மூளை அறிந்து, கால் பிரேக்கை மிதிக்க ஏறத்தாழ 1.5 வினாடி செல்லும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அதற்குள் வாகனம் 25 மீற்றர் ஓடிவிடும். பிரேக் பிடித்து நிற்க, உலர்ந்த வீதியிலும் இன்னும் 20 மீற்றர் வேண்டும். தாழ்த்திய முன்விளக்கில் கறுத்த மாடு அத்தனை தொலைவில் தெரியுமா? “எனக்குக் கை பழகிவிட்டது” என்பார் சாரதி. பழகிய கைக்கும் அதே நரம்புதான். அமெரிக்காவில் வீதி வடிவமைக்கும் பொறியியலாளர்கள் இதற்கென 2.5 வினாடி ஒதுக்குகிறார்கள்.

மாட்டைக் கட்டிவைப்பதும் உழவு இயந்திரத்தின் பின்னால் ஒளிதெறிக்கும் பட்டி ஒட்டுவதும் அவசியமே. ஆனால், வாயில்லாத மாட்டைக் குற்றவாளியாக்கி வேகமாக வந்தவரைத் தப்பவிடும் அந்தச் சொல்லை முதலில் பத்திரிகைகள் கைவிடட்டும். நடந்தது திடீர் அல்ல. விளக்கு காட்டும் தூரத்தை மிஞ்சிய வேகம்.