விரிசலின் நீளம் என்ன?

2018-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி, அமெரிக்காவில் நியூயார்க்கில் இருந்து டல்லாஸ் நகருக்கு ஒரு விமானம் புறப்பட்டது. அதில் 149 பேர் இருந்தார்கள்.

32 ஆயிரம் அடி உயரத்தில் இடது என்ஜினின் விசிறித் தகடு ஒன்று ஒடிந்தது! சிதறிய பாகம் பட்டு ஜன்னல் உடைந்தது. அருகே இருந்த பெண் பயணி உயிர் இழந்தார். விமானம் பிலடெல்பியாவில் அவசரமாக இறங்கியது.

என்ன காரணம்?

அந்த என்ஜினில் 24 தகடுகள். ஒடிந்த தகட்டின் அடியில், சக்கரத்துக்குள் செருகி இருக்கும் பகுதியில் விரிசல் இருந்தது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிகிறது அல்லவா? அதுபோல உலோகம் அலுத்து, விரிசல் வளர்ந்திருக்கிறது.

தகடுகளுக்குள் ஒலி அலை செலுத்திச் சோதிக்கும்படி அமெரிக்க அரசு உத்தரவிட்டது. எத்தனை முறை பறந்தபின் சோதிப்பது? விரிசல் எவ்வளவு நீண்டால் உலோகம் தாங்காது என்று தெரிந்தால்தானே தவணை குறிக்க முடியும்?

ஒடிக்கும் சோதனை

அதற்காகவே சோதனைச் சாலையில் உலோகத் துண்டுகளை ஒடிக்கிறார்கள். துண்டில் ஒரு வெட்டு போட்டு, ஆயிரக்கணக்கான தடவை இழுத்து விடுகிறார்கள். வெட்டின் நுனியில் மெல்லிய விரிசல் பிறக்கிறது. பிறகு பலமாக இழுத்து, அது எப்படி நீள்கிறது என்று அளக்கிறார்கள்.

பக்கவாட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் போதாதா? போதாது. கனமான துண்டில் விரிசல் ஓரத்தைவிட நடுவில் முந்தி ஓடுகிறது. வெளியே தெரிவது குறைவு. உள்ளே இருப்பது அதிகம்! வளர்ந்த தூரத்தைக் குறைத்து எடுத்தால், உலோகம் உள்ளதைவிடக் கெட்டி என்று கணக்கு காட்டும். அந்தக் கணக்கை நம்பித்தான் மனிதர்கள் ஏறி உட்காருகிறார்கள்.

ஆகவே மின்சாரத்தை ஏவுகிறார்கள். வாய்க்கால் குறுகினால் மேல்புறம் தண்ணீர் மட்டம் ஏறும். விரிசல் நீண்டால் மின்சாரம் செல்லும் வழி குறுகும். விரிசலின் இரு புறத்துக்கும் இடையே வோல்ட் அளவு ஏறும். அதைக் கொண்டு நீளத்தைக் கணிக்கிறார்கள்.

அதோடு விடுவதில்லை. துண்டை உலையில் சூடாக்குகிறார்கள். விரிசல் போன இடத்தில் மட்டும் நிறம் ஏறுகிறது. பிறகு இரண்டாக ஒடித்து, நிறம் நின்ற எல்லையை ஒன்பது இடங்களில் அளக்கிறார்கள். சராசரி எடுக்கும்போது இரண்டு ஓர அளவுகளுக்கும் சேர்த்து ஒரே பங்கு. உள்ளே உள்ள ஏழுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. மின்சாரம் சொன்னதும் இந்தச் சராசரியும் ஒத்து வராவிட்டால், சோதனை செல்லாது. வேறு துண்டை எடுக்க வேண்டியதுதான்.