வேஷம் வேற, பாசாங்கு வேற

'ஹிப்போகிரஸி' என்ற வார்த்தை இப்போ எல்லா வாக்குவாதத்திலும் அடிபடுது. தமிழில் பாசாங்கு, போலித்தனம், வெளிவேஷம் என்கிறோம்.

அதோட பூர்வீகம் கிரேக்கம். அங்கே 'ஹிப்போக்ரிட்டேஸ்' என்றால் மேடை நடிகர். முகமூடி போட்டு நாடகம் ஆடியவர். அந்தப் பேரில் வசவு எதுவும் கிடையாது. கிரேக்கத்தில் எழுதப்பட்ட புதிய ஏற்பாட்டில், ஊர் பார்க்கப் பக்தி காட்டுகிறவர்களுக்கு இதே சொல் வருது. ஆங்கிலத்துக்குக் கெட்ட அர்த்தம் போனது அந்த வழியாத்தான். தமிழ் பைபிளில் அவங்க 'மாயக்காரர்'.

கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுறவரை யாரும் பொய்யன்னு சொல்றதில்லை. விடிஞ்சா அரிதாரத்தைக் கழுவிட்டுக் காட்டு வேலைக்கு வந்துடுவார்னு பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். ஆக, வேஷம் தப்பில்லை. அது வேஷம்தான்னு எதிராளிக்குத் தெரியாம வச்சிருக்கிறதுதான் தப்பு.

போலித் துறவிகளுக்குன்னே வள்ளுவர் 'கூடாவொழுக்கம்' என்று ஒரு அதிகாரம் வச்சிருக்கார். அதில் வர்ற குன்றிமணி உவமை பலருக்குத் தெரியும்: உடம்பெல்லாம் சிவப்பு, மூக்கு மட்டும் கறுப்பு. எனக்கு இன்னொண்ணுதான் பெரிசு. புலித்தோல் போர்த்திக்கிட்டு மேயுற மாடு. பயந்துக்கிட்டு யாரும் விரட்ட மாட்டாங்க. மேயுறது அடுத்தவன் வெள்ளாமை. நஷ்டம் யாருக்குங்கிறதும் அந்த உவமையிலேயே இருக்கு.

எங்க பொழப்பையே எடுத்துக்குங்க. வீட்டுக்கு நாலு பாத்தியில் மருந்தடிக்காத கத்தரி, சந்தைக்கு மருந்தடிச்ச கத்தரின்னு பயிர் பண்றவங்க உண்டு. 'மருந்தடிச்சதுதான், நல்லாக் கழுவிச் சமைங்க'ன்னு சொல்லி வித்தா, மனசுக்கு ஒப்பாட்டியும் அது ஏமாத்து இல்லை. அதையே 'இயற்கைக் காய்'னு பலகை வச்சுக் கூடுதல் விலைக்கு வித்தா, அது புலித்தோல். வாங்குறவர் காசை மட்டுமில்லை, நிஜமாவே மருந்தில்லாம விளைவிக்கிற பக்கத்துக் காட்டுக்காரர் பேரையும் சேர்த்து மேயுது.

வாங்குறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். இயற்கைக் காய்தான் வேணும்னு கேட்டுட்டு, சின்ன ஓட்டை விழுந்த காயை எல்லாம் பொறுக்கி ஒதுக்கினா, அந்தத் தோலை விக்கிறவன் கையில் எடுத்துக் கொடுக்கிறது நீங்கதான்.

'மருந்தடிச்சீங்களா?'ன்னு கேளுங்க. 'ஆமா'ங்கிறவர்கிட்டயும் காய் வாங்குங்க. உண்மையைச் சொன்னா வியாபாரம் படுத்துடும்னு அவருக்குத் தோணிட்டா, அடுத்த வாரம் அவர் கடையிலும் பலகை ஏறிடும்.