யார் ஜெயிப்பார்கள் என்று கேட்ட தம்பிக்கு



பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரிடமிருந்து இந்த மாதம் ஒரு கடிதம் வந்தது. ஒரு வல்லரசும் ஒரு சின்ன நாடும் போருக்குப் போனால் கடைசியில் யார் ஜெயிப்பார்கள், சின்ன நாடு ஜெயிக்க வழியே கிடையாதா என்று கேட்டிருந்தார். எந்த நாடு என்று குறிப்பிடவில்லை. மனதுக்குள் ஒரு போரைக் கற்பனை செய்துகொண்டு கேட்ட கேள்வி அது. அலுவலகத்தில் படித்துக் காட்டியதும் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். டாங்கி எத்தனை, விமானம் எத்தனை என்று ஒருவர் கணக்குப் போட்டார். வியட்நாமை மறந்துவிடாதீர்கள் என்றார் இன்னொருவர். கற்பனைப் போருக்குப் பதில் தேடுவதைவிட, நடந்த ஒரு போரைச் சொல்வதே முறை என்று எனக்குப் பட்டது. தம்பி, இந்தப் பக்கம் உனக்காக.

1939 அக்டோபர். பின்லாந்திலிருந்து ஒரு தூதுக்குழு மாஸ்கோவுக்கு ரயில் ஏறியது. ஹெல்சின்கி நிலையத்தில் கூடிய மக்கள் பாட்டுப் பாடி வழியனுப்பினார்கள். குழுவின் தலைவர் பாசிகிவி, அறுபத்தெட்டு வயதுக்காரர், ரஷ்ய மொழி தெரிந்தவர். கிரெம்ளினில் அவர்களோடு பேச வெளியுறவு அமைச்சர் மொலோடோவ் மட்டுமல்ல, ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார். அன்றைய பின்லாந்தின் மக்கள்தொகை 37 லட்சம். சோவியத் ஒன்றியத்தில் ஏறத்தாழ 17 கோடிப் பேர்.

சோவியத் தரப்பின் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. லெனின்கிராட் பெருநகரத்திலிருந்து பின்லாந்து எல்லை 32 கிலோமீட்டர்தான். நகரத்தை நகர்த்த முடியாது, எல்லையைத்தான் நகர்த்த வேண்டும் என்பது ஸ்டாலினின் பேச்சு. கரேலியப் பூசந்தியில் கொஞ்சம் நிலமும், பின்லாந்து வளைகுடாவில் சில தீவுகளும், ஹாங்கோ துறைமுகத்தைக் குத்தகைக்கும் கேட்டார்கள். ஈடாக வடக்கே இரண்டு மடங்கு நிலம் தருவதாகவும் சொன்னார்கள். அந்த நிலம் காடு. கேட்ட நிலத்திலோ பின்லாந்தின் அரண்கள் இருந்தன. அதற்கு ஒரு வருடம் முன்னால்தான் செக்கோஸ்லோவாகியா எல்லைப் பகுதியை ஹிட்லரிடம் கொடுத்துவிட்டு, ஆறு மாதத்துக்குள் நாட்டையே இழந்திருந்தது. முதல் துண்டைக் கொடுத்தால் அடுத்த துண்டை எப்படி மறுப்பது என்று ஹெல்சின்கியில் இருந்தவர்கள் அஞ்சியதில் என்ன தவறு?

என்னை மிகவும் யோசிக்க வைப்பவர்கள், அப்போதே விட்டுக்கொடுக்கச் சொன்ன இரண்டு பேர். ஒருவர் பாசிகிவி. இன்னொருவர் படைத்தலைவர் மன்னர்ஹெய்ம். டாங்கிகளைத் தடுக்கும் பீரங்கிகள் தன்னிடம் நூறை ஒட்டித்தான் இருக்கின்றன, பீரங்கிக் குண்டுகள் சில வாரங்களுக்குத்தான் வரும் என்பதை அறிந்தவர் அவர். போரைத் தவிர்க்கும் வழியைத் தேடச் சொன்னவர், போரை நடத்தத் தெரிந்த அந்த மனிதர்தான். அரசு அவர்கள் சொன்ன அளவுக்கு இறங்கவில்லை. நவம்பரில் பேச்சு முறிந்தது. நவம்பர் 26 அன்று மய்னிலா என்ற எல்லைக் கிராமத்தில் குண்டுகள் விழுந்தன. பின்லாந்துதான் சுட்டது என்றது மாஸ்கோ. நவம்பர் 30 காலை, போர் அறிவிப்பே இல்லாமல் படைகள் எல்லையைத் தாண்டின. ஹெல்சின்கி மீது விமானங்கள் குண்டு போட்டன. மறுநாளே, கைப்பற்றிய தெரியோக்கி ஊரில், குசினென் என்ற பின்லாந்துக் கம்யூனிஸ்ட்டின் தலைமையில் ஒரு 'மக்கள் அரசு' அறிவிக்கப்பட்டது. பின்லாந்தின் உண்மையான அரசு இதுதான், இதனோடு எங்களுக்குச் சண்டை ஏது என்று உலகத்துக்குச் சொன்னது சோவியத் அரசு.

அவர்களுடைய கணக்கு தப்பிய இடம் அதுதான். 1918இல் பின்லாந்தில் உள்நாட்டுப் போர் நடந்தது. சிவப்பு அணியும் வெள்ளை அணியும் ஒன்றையொன்று கொன்றதிலும், தோற்றவர்கள் சிறைமுகாம்களில் பட்டினியாலும் நோயாலும் மடிந்ததிலும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. வென்ற வெள்ளை அணியின் தளபதி இதே மன்னர்ஹெய்ம். தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றில் அவர் பெயரைச் சொன்னாலே வயிறு எரியும். அப்படிப்பட்ட மக்கள் செஞ்சேனையை மாலை போட்டு வரவேற்பார்கள் என்று மாஸ்கோ எதிர்பார்த்தது. அவர்கள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மன்னர்ஹெய்மின் கீழ் போய் நின்றார்கள். பனிச்சறுக்கு வீரர்களையும் வெள்ளை அங்கிகளையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது 1940 ஜனவரியில் நடந்த ஒன்றை. அதுவரை தொழிற்சங்கங்களோடு பேசவே மறுத்துவந்த முதலாளிகள் சங்கம், போருக்கு நடுவில், அவற்றை ஏற்றுப் பேச இசைந்தது. முன்னணியில் தோளோடு தோள் நிற்பவனைத் தொழிற்சாலையில் ஆளாகவே மதிக்காமல் இருக்க முடியாது என்று இருபது வருடம் கழித்தாவது உறைத்தது.

இனி ராத்தே சாலை. கிழக்கு எல்லையிலிருந்து சுவோமுசல்மி ஊருக்குப் போகும் ஒற்றைச் சாலை அது. இரண்டு பக்கமும் அடர்ந்த காடு, இடுப்பளவு பனி. அந்தச் சாலையில் சோவியத்தின் 44ஆவது டிவிஷன் வந்தது. டாங்கி, லாரி, பீரங்கி, குதிரை என்று இருபது கிலோமீட்டருக்கும் மேல் ஒரே வரிசையாக நீண்டு கிடந்தது. சாலையை விட்டு இறங்க அவர்களுக்கு வழியில்லை. பின்லாந்துப் படை காட்டுக்குள்ளிருந்து சறுக்குக் கட்டைகளில் வந்து, அந்த வரிசையை அங்கங்கே அறுத்துத் துண்டுதுண்டாக்கியது. முதல் குறி பெரும்பாலும் சமையல் வண்டிகள். சூடான உணவு நின்றால் உறைகுளிர் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரியும். 1940 ஜனவரி முதல் வாரத்தில் அந்த டிவிஷன் அழிந்தது.

சின்ன நாட்டின் வெற்றி என்று ராணுவக் கல்லூரிகளில் இன்றும் பாடம் நடத்துவது இதைத்தான். பாடத்தில் குறைவாக வருவது, அந்தச் சாலையில் இறந்தவர்கள் யார் என்பது. 44ஆவது டிவிஷன் உக்ரைனிலிருந்து வந்தது. கோதுமை வயல்களின் சமவெளியில் வளர்ந்த பையன்கள், சறுக்கத் தெரியாதவர்கள், அந்தக் காட்டுக் குளிருக்கு ஏற்ற உடுப்பு இல்லாதவர்கள். ஏழைத் தொழிலாளர்களை விடுவிக்கப் போகிறோம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள். தப்பித் திரும்பிய தளபதி வினோகிராதோவை அவருடைய வீரர்கள் முன்னாலேயே நிறுத்திச் சுட்டுக் கொன்றது அவருடைய அரசு. பின்லாந்தில் கைதியாகி, போர் முடிந்ததும் திருப்பி அனுப்பப்பட்டவர்களிலும் பெரும்பாலானோர் மறுபடி முகாம்களுக்குத்தான் போனார்கள். வல்லரசின் பக்கம் நிற்பவனுக்கு வல்லரசின் பலம் கிடைப்பதில்லை என்பதை இங்கேதான் பார்க்கிறேன். இப்போது ராத்தே சாலையோரத்தில் ஒரு நினைவிடம் இருக்கிறது. பரந்த வெளி முழுக்க ஆயிரக்கணக்கான கற்கள், இரண்டு தரப்பிலும் இறந்தவர்களுக்காக. நடுவில் 105 மணிகள், போர் நடந்த நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று.

உலகம் அப்போது என்ன செய்தது? வாயாரப் பாராட்டியது. டிசம்பர் 14 அன்று சர்வதேச சங்கம் சோவியத் ஒன்றியத்தை வெளியேற்றியது. சுவீடனிலிருந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்களும் துப்பாக்கிகளும் வந்தன, ஆனால் சுவீடன் அரசு போரில் இறங்கவில்லை. படை அனுப்புகிறோம் என்று பிரிட்டனும் பிரான்ஸும் சொன்னபோது, அவற்றின் கண் வழியில் இருந்த சுவீடன் நாட்டு இரும்புத் தாதுவின் மேலும் இருந்தது. தங்கள் நாட்டு வழியாக அந்தப் படை போக நார்வேயும் சுவீடனும் இசையவில்லை. பாராட்டு வந்த வேகத்தில் பீரங்கிக் குண்டு வரவில்லை என்பதுதான் பின்லாந்து வீரனின் அனுபவம்.

பிப்ரவரியில் புதிய தளபதி டிமோஷென்கோ, கரேலியப் பூசந்தியில் பீரங்கிகளைக் குவித்து அரண் வரிசையை உடைத்தார். மார்ச் 12 அன்று மாஸ்கோவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அக்டோபரில் கேட்டதைவிடப் பல மடங்கு நிலம் போயிற்று. நாட்டின் பத்தில் ஒரு பங்கு, வீப்புரி என்ற பெரிய நகரம் உட்பட. சண்டை நின்ற மார்ச் 13 அன்று பின்லாந்தில் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. பின்லாந்தின் பக்கம் ஏறத்தாழ 25,000 பேர் இறந்திருந்தார்கள். சோவியத் பக்கம் 1,26,000 பேருக்கும் மேல்.

கொடுத்த நிலத்தில் வாழ்ந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரில் அநேகமாக யாரும் அங்கே தங்கவில்லை. சில நாள் அவகாசத்தில் வண்டியில் ஏற்ற முடிந்ததை ஏற்றிக்கொண்டு, பனியில் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேற்கே நடந்தார்கள். நாட்டில் ஏறத்தாழ ஒன்பதில் ஒருவர் வீடிழந்தவர். பின்னால் 1945இல் ஒரு நிலச் சட்டம் வந்தது. அரசிடமிருந்தும் ஊராட்சிகளிடமிருந்தும் கம்பெனிகளிடமிருந்தும் பெரிய பண்ணைகளிடமிருந்தும் நிலத்தை எடுத்து, இந்தக் குடும்பங்களுக்கும் போரிலிருந்து திரும்பியவர்களுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள் கூடுமானவரை ஒரே வட்டாரத்தில் குடியேற ஏற்பாடு செய்தார்கள். பனிக்காட்டுச் சண்டையை விட இந்தச் சட்டத்தைத்தான் பின்லாந்தின் பெரிய வீரம் என்பேன். வந்தவர்களை அகதி முகாமில் போட்டு மறந்துவிட எல்லா வசதியும் இருந்தது. ஏழைப்பட்ட நாடு, போர்க் கடன் வேறு. அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

இதோடு நிறுத்தினால் கதை இனிக்கும். ஆனால் 1941இல் ஹிட்லரின் படை சோவியத்துக்குள் நுழைந்தபோது பின்லாந்தும் கூடவே போனது. இழந்ததை மீட்டதோடு நிற்காமல் பழைய எல்லையைத் தாண்டியும் போனது. கைப்பற்றிய பெட்ரோசவோட்ஸ்க் நகரத்தில் ரஷ்யப் பொதுமக்களை முகாம்களில் அடைத்தது. பட்டினியிலும் நோயிலும் அந்த முகாம்களில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அடிபட்டவன் எப்போதும் நல்லவனாகவே இருந்துவிட மாட்டான் என்பதை, சின்ன நாடுகளை நேசிக்கிற நாம்தான் முதலில் பார்க்க வேண்டும். 1944இல் மறுபடி தோல்வி, மறுபடி நில இழப்பு. 30 கோடி டாலர் மதிப்புக்குக் கப்பலும் இயந்திரமும் இழப்பீடாகச் செய்து அனுப்பி முடிக்க 1952 ஆயிற்று.

தம்பி, அந்த முதியவர் பாசிகிவியிடம் திரும்ப வருகிறேன். 1940 மார்ச்சில் அந்தக் கசப்பான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். 1944இல் பிரதமரானார், 1946இல் குடியரசுத் தலைவர். பக்கத்து வீட்டுக்காரனை மாற்ற முடியாது, அவனுடைய பயம் என்ன என்று தெரிந்துகொண்டுதான் வாழவேண்டும் என்பது அவருடைய அரசியல். அதற்காக நாடு பல நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க நேர்ந்தது. அந்த விலையைப் பின்லாந்துக்காரர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். 2023இல் நேட்டோவில் சேர்ந்து அந்தப் பாதையை விட்டு விலகியும் விட்டார்கள். ஆனால் கிழக்கு ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு நேர்ந்தது பின்லாந்துக்கு நேரவில்லை. தேர்தல் நடந்தது, நாடாளுமன்றம் கூடியது. ஹெல்சின்கிக்குப் பக்கத்திலேயே போர்க்கலா என்ற இடத்தில் சோவியத்துக்கு ஐம்பது வருடக் குத்தகைக்கு விட்டிருந்த ராணுவத் தளம், 1956 ஜனவரியில், காலம் முடிய முப்பத்தெட்டு வருடம் இருக்கும்போதே பேச்சுவார்த்தையில் திரும்பக் கிடைத்தது. அப்போது பாசிகிவிக்கு எண்பத்தைந்து வயது, பதவியில் கடைசி மாதங்கள்.

நீ கேட்ட கேள்விக்கு எந்த வருடத்தோடு கணக்கை முடிப்பது என்று எனக்கு விளங்கவில்லை. 1940இல் முடித்தால் ஒரு விடை, 1944இல் இன்னொன்று, 1956இல் வேறொன்று. அடுத்த இதழில் பாசிகிவியைப் பற்றித் தனிக் கட்டுரை வருகிறது. முதல் பிரதியை உன் முகவரிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். படித்துவிட்டு எழுது.

அன்புடன்,
ஆசிரியர்