மலிவு ஜெட்டின் மறுபக்கம்
அமெரிக்கச் சந்தையில் பழைய ஹாக்கர் 800எக்ஸ்பி தனியார் ஜெட் ஒன்றை, புதிய நடுத்தர ஜெட்டின் விலையில் சிறு பங்குக்கே வாங்கிவிடலாம். அந்த விலையில் மயங்குவோரை நினைத்தால் எனக்குக் கவலைதான். ஹாக்கர் ஜெட்டுகளைத் தயாரித்துவந்த ஹாக்கர் பீச்கிராஃப்ட் நிறுவனம் 2012இல் திவால் மனு கொடுத்தது. அதன் ஜெட் தயாரிப்பும் நின்றுபோனது. விமானத்தின் விலை இறங்கினாலும், அதிலுள்ள ஹனிவெல் டிஎஃப்இ731 எஞ்சின்களைப் பராமரிக்கும் செலவு அதற்கேற்ப இறங்குவதில்லை. பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டும் பராமரிப்புத் திட்டத்தில் எஞ்சின்கள் சேர்ந்திருக்கின்றனவா, பாக்கி இல்லையா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். சேராவிட்டால் அடுத்த ஓவர்ஹாலின் முழுச் சுமையும் வாங்குபவர் தலையில் விழும். பராமரிப்புப் பதிவேடுகள் விமானம் வெளிவந்த நாளிலிருந்து அறுபடாமல் இருக்க வேண்டும். நடுவே சில ஆண்டுகள் காணவில்லை என்றால், எவ்வளவு பளபளப்பான பெயின்ட் அடித்திருந்தாலும் நான் வேண்டாம் என்பேன். கடன் பாத்தியதை ஏதும் உண்டா என்பதை ஓக்லஹோமா நகரிலுள்ள அமெரிக்க விமானப் பதிவகத்தில் பார்த்துவிடலாம். வாங்குமுன் சோதனை மட்டும் விற்பவருக்கு வேண்டிய பட்டறையில் நடக்கவே கூடாது. ஹாக்கரில் கைபழகிய வேறு மெக்கானிக்குகள் எஞ்சினுக்குள் போரோஸ்கோப் கேமரா விட்டு, உடற்பகுதியில் அரிப்பைத் தேடிப் பார்க்கட்டும். அதற்கு அவகாசம் தராத விற்பனையாளரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.