பத்தாண்டுக் கணக்கு: திருப்பூர் ஜாப் ஒர்க் உரிமையாளர்களின் கொள்கைப் பிரகடனம்

திருப்பூரில் பத்து, இருபது பவர் டேபிள் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் நடத்தும் நாங்கள், கூடிப் பேசி முடிவெடுத்து இந்தப் பிரகடனத்தை வெளியிடுகிறோம்.

எங்கள் தொழில் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நடக்கிறது. வெள்ளி இரவு வரை வேலை தரும் பார்ட்டிக்குப் போன் அடித்து, வந்த பணத்தோடு கைமாற்றும் சேர்த்து மறுநாள் சம்பளம் போட்டுவிட்டால், அந்த வாரம் ஜெயித்துவிட்டதாக நினைக்கிறோம். இப்படியே இருபது வருடம் ஓட்டியவர்கள் எங்களில் உண்டு. அவர்கள் கையில் மிஞ்சியது பழைய மெஷினும் புதுக் கடனும்தான்.

தொலைநோக்கு என்பது பெரிய கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு சேர்வதை நிறுத்தச் சாயப்பட்டறைகளுக்கு 2006-லேயே சென்னை உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சாயம் ஏறிய துணி வராமல் எங்கள் டேபிள்களும் நின்றன. கழிவுநீரைச் சுத்திகரிப்பது போல் தனியாளால் தாங்க முடியாத செலவுக்கு, வருடக்கணக்கில் முன்பே கூட்டாக இறங்க வேண்டும் என்று அப்போது கற்றோம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா பல இந்தியப் பொருள்களுக்குக் கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியது. அந்த ஒரு நாட்டு ஆர்டரையே நம்பியிருந்தவர்கள் ஆடிப்போனார்கள். சாயப்பட்டறைக் கெடுவுக்குத் தேதி தெரிந்திருந்தது, அமெரிக்க வரிக்குத் தெரியாது. இரண்டுக்கும் தயாராக இருப்பதையே நாங்கள் திட்டம் என்கிறோம்.

ஆகவே உறுதி ஏற்கிறோம்:

1. பத்தாண்டுக் குறிக்கோளைத் தாளில் எழுதுவோம். அதிலிருந்து பின்னோக்கி வந்து மூன்றாண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் வேலையைப் பிரிப்போம். ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைக்கும் வாரத்தில் அதை எடுத்துச் சரிபார்ப்போம்.

2. டெய்லர் கூலி, நூல், கரண்ட், வாடகை என்று மட்டும் பீஸ் ரேட் போட மாட்டோம். மெஷின் தேய்மானமும் நம் சொந்தச் சம்பளமும் அதில் ஏறும். அதற்குக் கீழே கேட்டால், பக்கத்து யூனிட் ஒத்துக்கொண்டாலும் நாங்கள் வேண்டாம் என்போம்.

3. ஒரே பார்ட்டிக்குப் பாதி வேலைக்கு மேல் செய்யும் நிலையை மூன்றாண்டில் மாற்றுவோம்.

4. குறு, சிறு தொழில்களுக்கான பாக்கியை அதிகபட்சம் 45 நாளில் தீர்க்கச் சொல்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் பாதுகாப்பைப் பெற எல்லோரும் உத்யம் பதிவு செய்வோம். பணம் தரும் கெடுவை எழுதி வாங்கிய பிறகே கட்டிங் பீஸை இறக்குவோம்.

5. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணத்தைச் செலவு என்று தள்ளிப்போட மாட்டோம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் தொழிலாளி அடுத்த வருடமும் இங்கேயே இருக்க நினைத்தால்தான் நம் திட்டம் நிற்கும்.

6. நமக்குப் பின் யார் என்பதை இப்போதே வீட்டில் பேசுவோம். மகளையும் அந்தப் பேச்சில் உட்கார வைப்போம். பிள்ளைகளுக்கு விருப்பமில்லையென்றால், கடனில்லாமல் கௌரவமாக மூடுவதும் ஒரு குறிக்கோள்தான்.

இதில் சேரச் சந்தா கிடையாது. பத்தாண்டில் எங்கே நிற்க வேண்டும், அதற்கு இந்த ஆண்டு என்ன செய்யப் போகிறேன், எனக்குப் பிறகு யார் என்ற மூன்றுக்கும் பதில் எழுதிய தாளோடு வாருங்கள். தனியாக எழுத வரவில்லையென்றாலும் வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம்.